மண்டபம் பிடிச்சாச்சு, போட்டோகிராபர் யாரு?

ஆடி பிறந்தால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். முகூர்த்தம் கிடையாது. ஆனியில் எடுத்த கல்யாணங்களின் ஆல்பம் டிசைன் மட்டும் பெண் வீட்டாரின் ஓகேவுக்காகக் காத்திருக்கும். கையில் வேலை குறையும் அந்த நாட்களில்தான் மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு பக்கத்து போட்டோகிராபர்களுக்குத் தங்கள் வெப்சைட் ஞாபகம் வரும். சின்ன வியாபாரங்களுக்கு வெப்சைட் செய்துகொடுத்துப் பிழைக்கிறவன் நான். கேள்வி நேராக என்னிடம் வந்துவிடும்.

"ண்ணா, கூகுள்ல அடிச்சா நம்ம பேரு முதல்ல வரணும்."

"எதை அடிச்சா?"

"அதான்ணா... பெஸ்ட் கேண்டிட் வெட்டிங் போட்டோகிராபர் இன் சென்னை."

இதற்கு நான் சொல்லும் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. அந்த வார்த்தைகளுக்கு நீங்கள் முதலில் வர மாட்டீர்கள். வந்தே ஆக வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை.

நம்பாவிட்டால் போனை எடுத்து அடித்துப் பாருங்கள். மேலே விளம்பரம். அதற்குக் கீழே மேப்போடு மூன்று பெயர். அப்புறம் வெட்மீகுட், ஜஸ்ட் டயல், சுலேகா மாதிரி பட்டியல் தளங்கள், 'சென்னையின் டாப் டென்' கட்டுரைகள். ஜஸ்ட் டயல் போனில் நம்பர் சொல்லும் சேவையாக 1996இல் தொடங்கிய கம்பெனி. சுலேகாவும் பழம்பெருச்சாளிதான். இவர்களிடம் எண்ணி மாளாத பக்கங்கள் இருக்கின்றன, தேடலில் மேலே வர வைக்கும் வேலையை மட்டுமே பார்க்கச் சம்பள ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு கேமரா, ஒரு அசிஸ்டென்ட், சீசனுக்கு ஒரு எடிட்டர் என்று தொழில் நடத்துகிறவர் அந்த மல்லுக்கட்டில் இறங்கினால் கைக்காசுதான் கரையும்.

அதைவிடக் கல்யாண வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஜாதகம் பொருந்தி, நிச்சயம் முடிந்து, தேதி குறித்துக் கொடுத்ததும் முதலில் ஓடுவது மண்டபத்துக்கு. நல்ல முகூர்த்த நாளில் மண்டபம் கிடைப்பது குதிரைக் கொம்பு. சில வீடுகளில் மண்டபம் காலியாக இருக்கும் தேதிக்குத்தான் முகூர்த்தமே அமையும். அடுத்தது சமையல் கான்ட்ராக்ட். அதற்கப்புறம் நாதஸ்வரம், டெகரேஷன், பட்டுக்குப் பனகல் பார்க் பக்கம் இரண்டு மூன்று நடை. போட்டோகிராபர் இதற்கெல்லாம் பின்னால்தான். ஆக, ஒரு பெண்ணோ அவள் அண்ணனோ உங்களைத் தேடிக் கூகுளைத் திறக்கும்போது அவர்கள் கையில் ஏற்கெனவே மூன்று விஷயம் இருக்கிறது. தேதி, மண்டபம், எந்த முறைக் கல்யாணம்.

அவர்கள் அடிப்பதும் அதைத்தான். மண்டபத்தின் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'வெட்டிங் போட்டோஸ்' என்று அடிப்பார்கள். மேடை எப்படி இருக்கும், ஊஞ்சல் எங்கே மாட்டுவார்கள், ரிசப்ஷனுக்கு எல்ஈடி வால் வைத்தால் பொருந்துமா, இதையெல்லாம் பார்க்க வேண்டும் அவர்களுக்கு. அங்கே என்ன கிடைக்கிறது? மண்டபத்தின் சொந்தப் பக்கத்தில் காலி நாற்காலிகளின் படம் நாலு. மேப்பில் யாரோ பந்தியில் உட்கார்ந்து எடுத்த இலைப் படம். அவ்வளவுதான். போட்டி கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

நீங்கள் எம்.ஆர்.சி. நகரில் மேயர் ராமநாதன் செட்டியார் சென்டரில் ஒரு கல்யாணம் எடுத்திருக்கிறீர்களா? அந்த மண்டபத்தின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு தனிப் பக்கம் போடுங்கள். திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோவிலில் தாலி கட்டி, பக்கத்து ஹாலில் சாப்பாடு வைத்த கல்யாணமா? அதற்கும் ஒரு பக்கம். வெறும் படத்தை வரிசையாகக் கொட்டினால் போதாது, எழுத வேண்டும். 'இரு மனங்கள் இணைந்த இனிய தருணம்' மாதிரி எழுதத் தொடங்கினால் நான் போனை வைத்துவிடுவேன். உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள், அது வேறு யாருக்கும் தெரியாது. இந்த மேடைக்குப் பின்னால் ஜன்னல் இருக்கிறது, காலை ஏழு மணிக்கு மேல் வெளிச்சம் மணமக்கள் முதுகுப் பக்கமாக வரும், டெகரேட்டரிடம் பின்னால் திரை கட்டச் சொல்லிவிடுங்கள். ஹோமப் புகை போக வழி இல்லாத ஹால், எக்ஸாஸ்ட் போட்டுவிடுங்கள். மணமகள் அறை முதல் மாடியில், லிப்ட் சின்னது, மடிசார் கட்டிய பெண்ணும் மாமியும் அதில் ஏறி இறங்கவே கால் மணி நேரம், முகூர்த்தத்துக்கு அதையும் கணக்குப் பண்ணுங்கள். பல மண்டபங்களில் முதல் நாள் மதியம்தான் சாவி கொடுப்பார்கள். காலையிலேயே டெகரேஷன் படம் வேண்டும் என்றால் நடக்காது.

இப்படி ஒரு பக்கத்தைப் படிக்கிற பெண்ணின் அப்பா என்ன நினைப்பார்? இவன் இந்த மண்டபத்தை அறிந்தவன் என்று நினைப்பார். அதற்கு மேல் உங்களுக்கு விளம்பரமே வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டதும் சில ஏஜென்சிகள் செய்வது என்ன தெரியுமா? ஒரே பக்கத்தை எடுத்து 'மயிலாப்பூரில் சிறந்த', 'தி.நகரில் சிறந்த', 'அடையாறில் சிறந்த' என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி நாற்பது பக்கம் அடித்துவிடுவார்கள். வேளச்சேரி, நங்கநல்லூர், ஏன், நீங்கள் போயே இராத பெரம்பூர் வரைக்கும். கூகுள் இதற்கு டோர்வே பக்கங்கள் என்று பெயர் வைத்து, குப்பை என்றே தன் விதிகளில் எழுதி வைத்திருக்கிறது. நாலு மண்டபத்துக்கு நாலு உருப்படியான பக்கம் போதும்.

இனி மேப் சமாசாரம். 'வெட்டிங் போட்டோகிராபர் நியர் மீ' என்று அடிப்பவர்களுக்கு முதலில் தெரிவது மேப்பில் வரும் மூன்று பெயர்தான். அந்த மூன்றை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்று கூகுள் ஒளிக்கவில்லை. தேடியதற்கு எவ்வளவு பொருத்தம், தேடுபவரிடமிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்ட கடை என்ற மூன்றும்தான் என்று அதுவே சொல்கிறது. தூரம் உங்கள் கையில் இல்லை. கஸ்தூரிபா நகரில் உட்கார்ந்து தேடும் பெண்ணுக்கு அடையாறு ஆட்கள் முதலில் வருவார்கள், லஸ் கார்னரில் தேடினால் மயிலாப்பூர் ஆட்கள். (கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை பள்ளி முடித்தது ஐஐடி வளாகத்து வன வாணியில். அதற்காக அடையாறுக்காரர்களுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைப்பதாகத் தெரியவில்லை.)

இந்தத் தூரத்தை ஏமாற்றத்தான் எல்லோருக்கும் ஆசை. சித்தி வீடு தி.நகரில் இருக்கிறது, மச்சான் கடை மந்தைவெளியில் இருக்கிறது என்று ஆளுக்கொரு விலாசத்தில் புரொபைல் திறப்பார்கள். இப்போது பெரும்பாலும் வீடியோ எடுத்துக் காட்டச் சொல்கிறது கூகுள்: தெரு, போர்டு, உள்ளே உங்கள் சாமான் எல்லாம். சித்தி வீட்டு ஹாலில் என்ன போர்டைக் காட்டுவீர்கள்? வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவராக இருந்தால் விலாசத்தை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிகளுக்குப் போகிறீர்கள் என்பதை மட்டும் குறிக்கலாம். அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். தொழில் பெயரிலேயே 'பெஸ்ட் கேண்டிட் போட்டோகிராபர் மயிலாப்பூர்' என்று வாலைச் சேர்ப்பதும் விதிக்கு விரோதம். போர்டில் என்ன பெயரோ அதுதான் அங்கேயும் இருக்க வேண்டும். வால் வைத்திருந்த சிலருக்குச் சரியாகத் தை மாதத்தில் புரொபைல் முடங்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன். சீசன் நடுவில் மேப்பிலிருந்து காணாமல் போவதற்கு, ஆரம்பத்திலிருந்தே இல்லாமல் இருப்பது மேல்.

இன்னொன்று. கூகுள் பிசினஸ் புரொபைலோடு இலவசமாக ஒரு குட்டி வெப்சைட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2024 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள். விசிட்டிங் கார்டில் இன்னமும் அந்த விலாசத்தை அச்சடித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கார்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

ரெவ்யூ பற்றி நிறையவே பேச வேண்டும், ஏனென்றால் மேப்பில் 'அறியப்பட்ட கடை' என்பதில் அதற்கும் பங்கு உண்டு. எல்லோரும் கேட்கும் நேரம் தப்பு. கட்டுசாதக் கூடை கைமாறுகிற நேரத்தில், தூக்கமில்லாமல் கண் சிவந்து நிற்கும் பெண்ணின் அப்பாவிடம் போய், "சார், ஒரு பைவ் ஸ்டார் போட்டுடுங்க" என்றால் அவர் தலையை ஆட்டுவார், போட மாட்டார். ஆல்பம் கொடுக்கும் நாள்தான் சரியான நாள். வீட்டில் எல்லோரும் சோபாவைச் சுற்றி நின்று பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள். "இதோ பாரு, அத்திம்பேர் தூங்கறார்" என்று யாராவது சிரிப்பார்கள். பாட்டியின் கை ஒரு படத்தில் நிற்கும். அப்போது லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமி, மண்டபம் பேரையும் என்ன பங்ஷன்னும் சேர்த்து ரெண்டு வரி எழுதுங்கோ" என்று கேளுங்கள். தமிழில் எழுதினாலும் நல்லதுதான்.

மாமி எழுதுவது இப்படி இருக்கும்: பையன் நல்ல மரியாதை, வாத்தியாரை மறைக்காமல் நின்று எடுத்தான், மாலை மாற்றும்போது மாமாக்கள் தூக்கியது அவ்வளவையும் விடாமல் பிடித்திருக்கிறான், ஆல்பம்தான் பத்து நாள் லேட். அந்தக் கடைசி வார்த்தையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அது இருப்பதால்தான் முன்னால் சொன்ன மூன்றையும் அடுத்தவர் நம்புவார். கீழே, மன்னித்துக்கொள்ளுங்கள் மாமி, அந்த மாதம் பிரிண்டிங் லேபில் நெருக்கடி என்று நாகரிகமாக ஒரு பதில் போடுங்கள். உங்களைத் தேடி வருகிறவர்கள் பாராட்டைவிட நீங்கள் போட்ட பதிலைத்தான் கவனமாகப் படிக்கிறார்கள். ரெவ்யூவுக்குத் தள்ளுபடி, இலவச பிரேம் என்று கொடுப்பதைக் கூகுள் தடை செய்திருக்கிறது. காசு கொடுத்து மொத்தமாக வாங்கும் ரெவ்யூக்களோ, ஒரே ராத்திரியில் 'சூப்பர் ஒர்க்', 'நைஸ் டீம்' என்று வரிசையாக வந்து விழும். பார்த்தாலே தெரியும்.

சரி, ஆள் உங்கள் வெப்சைட்டுக்கு வந்துவிட்டார் என்று வையுங்கள். எங்கே உட்கார்ந்து பார்க்கிறார்? பெரும்பாலும் இன்னொருவர் கல்யாணத்தில். பேஸ்மென்ட் பந்தியில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவே, "உங்காத்துக் கல்யாணத்துக்கு யாரு போட்டோ?" என்று பேச்சு வரும். சிக்னல் ஒரு கோடு. பக்கத்து இலைக்காரர் உங்கள் பெயரைச் சொல்ல, இவர் இடது கையால் போனில் அடிக்கிறார். வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. பாயசம் வந்துவிட்டது. போனைப் பையில் போட்டுவிட்டார். கதை முடிந்தது.

24 மெகாபிக்சல் கேமராவிலிருந்து வரும் ஜேபெக் ஒன்று பத்து எம்பி வரைக்கும் இருக்கும். அதை அப்படியே ஏற்றி, முகப்பில் ஆறு படம் ஓடும் ஸ்லைடர் வைத்து, பின்னணியில் பாட்டும் போட்டால் போன் என்ன செய்யும்? பக்கத்தின் முக்கியமான படம் இரண்டரை செகண்டுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். அகலத்தை 2000 பிக்சலுக்குள் கொண்டுவந்து, வெப்பி வடிவில் சேமித்தால் அதே படம் சில நூறு கேபியில் அடங்கிவிடும், போன் திரையில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கீழே போகப் போகப் படங்கள் மெதுவாக இறங்கட்டும், ஆனால் முதல் படத்துக்கு அந்த ஏற்பாடு வேண்டாம், அது உடனே வர வேண்டும். ஸ்லைடரை எடுங்கள். பாட்டை எடுங்கள். பாட்டை எடுக்கச் சொன்னால் மட்டும் முகம் வாடிவிடும் நம் ஆட்களுக்கு.

படத்தின் பெயரும் முக்கியம். டிஎஸ்சி 4471 என்று கேமரா வைத்த பெயரிலேயே ஏற்றினால் கூகுளுக்கு ஒன்றும் புரியாது. ஊஞ்சல், மயிலாப்பூர், மண்டபத்தின் பெயர் என்று கோப்புக்கே பெயர் வையுங்கள். படம் தெரியாதவர்களுக்காகப் பின்னால் எழுதும் ஆல்ட் வரியில், படத்தில் இருப்பதை உள்ளபடி சொல்லுங்கள்: 'பச்சைப்பிடி சுற்றும் சுமங்கலிகள், ஊஞ்சலில் மணமக்கள்'. கீழே தெரியும்படி ஒரு கேப்ஷன். படத்துக்குள் இருப்பிடக் குறியீட்டைத் திணித்தால் மேப்பில் மேலே வரலாம் என்று ஒரு வதந்தி பல வருடமாகச் சுற்றுகிறது. அதற்குச் செலவிடும் நேரத்தில் இரண்டு கேப்ஷன் எழுதிவிடலாம்.

ஆனால் ஐபிடிசி என்ற பெட்டிகளை நிரப்புவது வேறு விஷயம். லைட்ரூமிலேயே இருக்கிறது: எடுத்தவர் பெயர், உரிமை யாருடையது. கூகுள் இமேஜசில் படத்தோடு இந்தப் பெயரைக் காட்டுகிறார்கள். படத்தில் பெயர் போடுவது பழைய வழக்கம்தான். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களை, 1880 முதல் நூறு வருடத்துப் படங்களை, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டலாக்கினார்கள். அந்தக் காலத்துக் கல்யாணப் படங்களைப் பாருங்கள், அட்டையின் மூலையில் ஸ்டுடியோ பெயரும் ஊரும் அச்சாகவோ அழுத்து முத்திரையாகவோ இருக்கும். படம் எந்த வீட்டுச் சுவருக்குப் போனாலும் பெயரும் கூடவே போகும். அந்த முத்திரையை அடிக்க மறந்த தலைமுறை நம்முடையதுதான். படத்தின் நட்டநடுவில் பெரிதாக வாட்டர்மார்க் போடுவதை நான் இதில் சேர்க்கவில்லை, அதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. சர்ச் கன்சோல் என்று கூகுளின் இலவசக் கருவி ஒன்று உண்டு. எந்த வார்த்தைகளைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் தெரிந்தது என்று பட்டியல் போட்டுக் காட்டும். மந்தைவெளிக்காரர் ஒருவரின் கணக்கைத் திறந்து அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். கேண்டிட், சினிமாட்டிக் எல்லாம் எங்கோ அடியில் கிடக்கிறது. மேலே இருப்பதெல்லாம் சதாபிஷேகம், சஷ்டியப்தபூர்த்தி, உபநயனம், சீமந்தம். எப்போதோ தாத்தா ஒருவரின் எண்பதாம் கல்யாணத்தை எடுத்து, நாலு பத்தி எழுதிப் போட்டு மறந்திருக்கிறார். அந்தப் பக்கத்துக்குத்தான் ஆள் வருகிறது.

"இதெல்லாம் நான் ஷோ பண்ணவே இல்லையேண்ணா. சின்ன பங்ஷன்."

சின்ன பங்ஷனா? மயிலாப்பூரிலும் அடையாறிலும் இந்த விசேஷத்தை யார் ஏற்பாடு செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆயிரம் பிறை கண்ட அப்பாவுக்கு, நியூ ஜெர்சியிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகள். இங்கே அலைந்து விசாரிக்க அவர்களால் முடியாது. நியூ ஜெர்சிக்காரர்களின் ராத்திரி நமக்குப் பகல் என்பதால் அவர்களோடு போன் பேசுவதும் சிரமம். முழுக்க முழுக்க வெப்சைட்டைப் பார்த்தே முடிவெடுக்கிறவர்கள். கலசாபிஷேகம் எத்தனை மணிக்கு, ஈரத் துணியோடு வயதானவர்கள் எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கும், பேரன் பேத்திகள் எல்லோரையும் சேர்த்து எடுக்கும் குரூப் போட்டோவை எப்போது வைத்துக்கொள்வது என்றெல்லாம் எழுதியிருந்தால் முடிந்தது. அந்தக் குடும்பத்தில் அடுத்து பேத்தி கல்யாணம் வரும். அதற்கு அவர்கள் தேடவே மாட்டார்கள்.

ஐயர் கல்யாணத்தோடு நிறுத்த வேண்டாம். ஜானவாசம், காசி யாத்திரை, நலங்கு எல்லாம் எழுத ஆட்கள் உண்டு. நகரத்தார் திருப்பூட்டுதல் பற்றியோ, சாந்தோம் பேராலயத்தில் பூசை நடக்கும்போது பிளாஷ் அடிக்கலாமா, பீடத்துக்கு எவ்வளவு அருகில் போகலாம் என்று பாதரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டியது பற்றியோ எழுதுகிறவர் அபூர்வம். நீங்கள் எடுத்திருந்தால் எழுதுங்கள், எடுக்காததை எழுத வேண்டாம்.

இத்தனையும் போடுவதற்கு முன் ஒரு சட்டச் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன், இதைக் கேட்டு அதிர்ச்சியாகாத போட்டோகிராபரை நான் பார்த்ததில்லை. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கப்படும் போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். கேமரா உங்களுடையது, கண் உங்களுடையது, படம் பெண்ணின் அப்பாவுடையது. ஆகவே அட்வான்ஸ் வாங்கும்போதே கையெழுத்தாகும் தாளில் ஒரு வரி இருக்க வேண்டும்: உரிமை யாருக்கு, வெப்சைட்டிலும் இன்ஸ்டாகிராமிலும் போடலாமா. எல்லாம் போடலாம், முகம் தெரியாத படம் மட்டும் போடலாம், எதுவும் போடக் கூடாது என்று மூன்று கட்டம் வைத்து டிக் அடிக்கச் சொல்லுங்கள். "கண்ணு பட்டுடும்பா" என்று சொல்லும் பாட்டிகள் இருக்கும் வீட்டில் இரண்டாவது கட்டம்தான் டிக் ஆகும். பரவாயில்லை. தாலி முடியும் கை, மாக்கோலம், மணையில் கிடக்கும் மாலை, வாழை மரம் கட்டிய வாசல், எல்லாம் கூகுளுக்குப் படம்தான்.

இன்ஸ்டாகிராம் போதாதா என்பார்கள். ரீல்ஸ் ஓடுகிறது, பாலோயர் ஏறுகிறது. உண்மைதான், முகத்தைக் காட்ட அது நல்ல இடம். 2025 ஜூலை 10 முதல், தொழில்முறைக் கணக்குகளின் பொதுப் பதிவுகள் கூகுள் தேடலிலும் வரலாம் என்று ஆகிவிட்டது. அதனால் ரீலுக்குக் கீழே மூன்று இதயத்தைப் போட்டுவிட்டுப் போகாமல் மண்டபத்தின் பெயரையும் பகுதியையும் சடங்கின் பெயரையும் எழுதுங்கள். ஆனால் போன வருடத்து ரீலைத் தேடி எடுப்பது அங்கே பெரும்பாடு. வெப்சைட்டில் எழுதிய பக்கம் அப்படியே நிற்கும். இப்போது கூகுளே மேலே ஏஐ சுருக்கம் என்று ஒரு பதிலைக் கொடுக்கிறது (இந்தியாவுக்கு 2024 ஆகஸ்டில் வந்தது). அதுவும் யாரோ வார்த்தையில் எழுதி வைத்ததிலிருந்துதான் பொறுக்கிக்கொள்கிறது.

வேறு தளங்களிலிருந்து உங்களுக்கு லிங்க் வர வேண்டும் என்பது பழைய பாடம், இன்றும் செல்லும். அதற்காகக் காசு கொடுத்து எங்கேயோ ரஷ்யத் தளத்தில் லிங்க் வாங்காதீர்கள். அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது. வின்சென்ட் டிசோசா 1994இல் தொடங்கிய மயிலாப்பூர் டைம்ஸ் வீட்டு வாசலில் விழும் இலவச வாரத்தாள். அந்தக் காலத்தில் நம் ஏரியாவில் போட்டோகிராபரையோ பிளம்பரையோ அதன் வரி விளம்பரத்தில்தான் தேடினோம். இன்று அதற்கு இணையத்திலும் பக்கம் உண்டு. மாம்பலம் டைம்ஸ், அடையாறு டைம்ஸ் என்று மற்ற பேட்டைகளுக்கும் தாள்கள் இருந்தன. பங்குனியில் அறுபத்துமூவர் அன்று மாட வீதியில் நிற்காத மயிலாப்பூர் போட்டோகிராபர் உண்டா? ஜனவரியில் மயிலாப்பூர் விழாவின் கோலப் போட்டியை எடுக்காதவர் உண்டா? அந்தப் படங்களை ஹார்ட் டிஸ்கில் பூட்டி வைக்காமல் உங்கள் தளத்தில் நல்ல குறிப்போடு போடுங்கள், கேட்பவர்களுக்குப் பெயர் போட்டு லிங்க் கொடுக்கும் நிபந்தனையில் கொடுங்கள். டெகரேட்டருக்கும் மேக்கப் பெண்ணுக்கும் அவர்கள் வேலையைக் காட்டும் படங்களை, வீட்டாரின் சம்மதத்தோடு, இலவசமாக அனுப்புங்கள். தங்கள் வெப்சைட்டில் அவர்கள் உங்கள் பெயரைப் போடுவார்கள். அவர்களுக்கு எப்போதும் நல்ல படத்துக்குப் பஞ்சம்.

எத்தனை நாளில் பலன் தெரியும்? 'முப்பது நாளில் முதல் பக்கம், கேரண்டி' என்று மெசேஜ் அனுப்புகிறவர்களை பிளாக் செய்யுங்கள். முதலிடத்துக்கு யாரும் கேரண்டி கொடுக்க முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும் என்பதும் அதன் கணக்குதான். நம் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பாருங்கள். ஆடியில் எழுதியது தையில் கைகொடுக்கும். மார்கழியில் எழுதியது வைகாசி, ஆனியில். முகூர்த்தம் நின்றுபோகும் இரண்டு மாதங்களும் இதற்கென்றே கிடைத்த மாதங்கள். சீசன் சூடு பிடித்த பிறகு, "ண்ணா, அர்ஜென்ட்" என்று வந்தால் விளம்பரத்துக்குக் காசு கட்டுவதைத் தவிர வழி இல்லை.

விசாரணைப் படிவத்தில் முதல் கேள்வியாகத் தேதியைக் கேளுங்கள். ஒரே முகூர்த்த நாளில் ஊரெல்லாம் கல்யாணம்; நீங்கள் காலியா இல்லையா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம். அடுத்து மண்டபம். பெயர், மெயில் எல்லாம் அப்புறம்.

கடைசியாக விலை. இதில் மட்டும் எனக்கும் இவர்களுக்கும் ஒவ்வொரு முறையும் சண்டை. தேடுகிறவர்கள் 'பேக்கேஜ்', 'பிரைஸ்' என்று சேர்த்து அடிப்பது சர்ச் கன்சோலில் கண்கூடாகத் தெரிகிறது. ஆனால் நம் ஆட்களின் பக்கத்தில் 'விவரங்களுக்கு அழைக்கவும்' என்றுதான் இருக்கும். ரேட்டைப் போட்டால் போட்டிக்காரன் பார்த்து ஆயிரம் ரூபாய் குறைத்துவிடுவானாம். அவன் ஏற்கெனவே மச்சானை விட்டு போன் பண்ண வைத்து உங்கள் ரேட்டைக் கேட்டாயிற்று, உங்களுக்குத்தான் தெரியாது. முழுப் பட்டியலும் வேண்டாம். 'முதல் நாள் மாலையும் முகூர்த்தமும், டிரெடிஷனல் ஒருவர், கேண்டிட் ஒருவர், வீடியோ ஒருவர், ஒரு ஆல்பம், இவ்வளவிலிருந்து' என்று ஒரு வரி போதும். கட்டுப்படியாகாதவர்கள் போன் செய்ய மாட்டார்கள். செய்கிறவர்களிடம் பேரத்தில் அரை மணி நேரம் போகாது, நேராக ஊஞ்சல் எத்தனை மணிக்கு என்று பேச ஆரம்பித்துவிடலாம்.